அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் மறுபடி வராத தட்டம்மை: ஃபாரோ தீவுகள், 1846

1846 மார்ச் 20 அன்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு தச்சர் கப்பல் ஏறினார். கிளம்புவதற்கு முன்பு, தட்டம்மை வந்து படுத்திருந்த சிலரைப் போய்ப் பார்த்திருந்தார். 28-ஆம் தேதி, வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளின் தலைநகரான டோர்ஷாவ்னில் இறங்கியபோது அவருக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர் படுத்தார்கள். அப்புறம் அக்கம்பக்கம், அடுத்த ஊர், அடுத்த தீவு. அன்றைக்கு ஃபாரோவில் இருந்த மக்கள் 7,782 பேர். சில மாதங்களுக்குள் அவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்குத் தட்டம்மை வந்து போய்விட்டது.

நோயின் வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு ஒரு தனி இடம் உண்டு. தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எங்கும் கிடைத்ததில்லை என்றே நினைக்கிறேன். இன்று நாம் தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போதும், "இயற்கையாக வந்து போனால் அதுதான் உறுதியான காப்பு" என்று யாராவது சொல்லும்போதும், தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தீவுகளில்தான் நிற்கிறோம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கணக்கெடுக்க வந்த இளைஞர்

தீவுகளில் நோய் பரவிய செய்தி கேட்டு டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. ஒருவர் மனிகஸ், இன்னொருவர் பீட்டர் லுட்விக் பானும். பானுமுக்கு அப்போது வயது 25, படிப்பை முடித்து அதிக நாள் ஆகவில்லை. வைரஸ் என்று ஒன்று இருப்பது அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது. தொற்று என்பது ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறதா, கெட்ட காற்றில் தானாக உண்டாகிறதா என்பதிலேயே மருத்துவர்கள் இரண்டு கட்சியாக இருந்த காலம். அவரிடம் நுண்ணோக்கியால் பார்க்கக்கூடிய சான்று எதுவும் கிடையாது. அவர் செய்தது ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன் அவர் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று கேட்டு எழுதியதுதான்.

ஃபாரோவின் அமைப்பு அவருக்குக் கைகொடுத்தது. சிதறிக் கிடக்கும் தீவுகள், நடுவில் கொந்தளிக்கும் கடல், சிறு சிறு மீனவ ஊர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் படகு எப்போது போனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். கோபன்ஹேகன் போன்ற நகரத்தில் யார் யாரிடமிருந்து நோயை வாங்கினார் என்று சொல்லவே முடியாது. இங்கே விரல்விட்டு எண்ணலாம்.

அவர் குறித்து வைத்த ஒரு சம்பவம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஜூன் 4 அன்று வெஸ்ட்மன்னா என்ற ஊரில் திமிங்கில வேட்டை. ஃபாரோ மக்களுக்கு அது ஊர்த் திருவிழா மாதிரி, பல ஊர்ப் படகுகள் ஒன்றுகூடும் நாள். ச்யோர்னுவீக் என்ற சிற்றூரிலிருந்து ஒரு படகில் 10 பேர் போய்விட்டு வந்தார்கள். ஜூன் 18 அன்று அந்த 10 பேருக்கும் ஒரே நாளில் தடிப்பு தெரிந்தது. அதுவரை அந்த ஊரில் யாருக்கும் நோய் இல்லை. அந்தப் 10 பேர் படுத்தபின் ஏறத்தாழ இரண்டு வாரம் அமைதி, அப்புறம் ஊரில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் படுத்தார்கள்.

தொற்றிய நாளிலிருந்து தடிப்பு தெரியும் நாள் வரை 13 அல்லது 14 நாள் என்று பானும் இதிலிருந்து கணக்கிட்டார். ஏறத்தாழ 180 ஆண்டு ஆகிறது. ஆய்வகம், ரத்தப் பரிசோதனை, மரபணு வரிசை எல்லாம் வந்தபிறகும் இன்றைய பாடநூலில் இருப்பது கிட்டத்தட்ட அதே எண்தான். ஒரு தேதியைக்கூடச் சோதிக்காமல் அவர் விடவில்லை என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள முடிகிறது.

1781-ஐ நினைவில் வைத்திருந்தவர்கள்

ஃபாரோவுக்குத் தட்டம்மை அதற்கு முன் கடைசியாக வந்தது 1781-இல். நடுவில் 65 ஆண்டு தீவுகளில் அந்த நோயே கிடையாது. ஆகவே 1846-இல் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களில், வெளியூர் போய் அங்கே நோயை வாங்கிக் குணமாகி வந்த ஒரு சிலரைத் தவிர, மற்ற எல்லோரும் அதை முதல்முறையாகச் சந்தித்தார்கள். குழந்தை, இளைஞர், நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் என்று வித்தியாசமில்லாமல் ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட ஆளில்லாமல் போன வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

1781-இல் நோய் வந்து பிழைத்த முதியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அப்படிப்பட்ட 98 பேரைப் பானும் நேரில் பார்த்தார். அதே வீடுகளில், நோயாளிகளுக்கு நடுவே, அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் தூரத்தில் வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். வயதானவர்களை இந்த நோய் அண்டாதோ என்னவோ? பானுமுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவர் அதற்கும் விடை தேடினார். 1781-இல் எப்படியோ தப்பித்த முதியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த முறை நோய் வந்தது. ஆக, காப்பாற்றியது வயது அல்ல. சிறுவயதில் வந்த நோயின் நினைவு உடம்பில் எங்கோ 65 ஆண்டு தங்கியிருந்தது.

இந்த 65 ஆண்டில் தீவுகளுக்குள் வைரஸ் சுற்றவே இல்லை என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நகரங்களில் தட்டம்மை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகும். அங்கே ஒருவருக்கு மறுபடி வரவில்லை என்றால், அவர் அடிக்கடி வைரஸைச் சந்தித்துச் சந்தித்து எதிர்ப்பைப் புதுப்பித்துக்கொண்டார் என்றும் வாதாடலாம். ஃபாரோ முதியவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரே ஒரு தொற்று, அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லை, ஆனாலும் காப்பு குறையவில்லை.

ஏன் இப்படி? நம் உடம்பில் சில நோயெதிர்ப்புச் செல்கள் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு பல பத்தாண்டுகள் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வேறு சில செல்கள் அந்த வைரஸின் அடையாளத்தை நினைவில் வைத்துக் காத்திருக்கும். தட்டம்மை வைரஸும் ஃப்ளூ மாதிரி ஆண்டுக்கொரு வேஷம் போடுவதில்லை. நம் செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் புரதத்தை அதிகம் மாற்றிக்கொண்டால் அதனால் உள்ளே நுழைய முடியாது. அதனால் அன்றைய வைரஸுக்கு எதிரான எதிர்ப்பு இன்றைய வைரஸுக்கும் பொருந்துகிறது.

அந்த 98 பேர் சொல்லாதது

சரி, அப்படியானால் நோய் வந்து போவதே நல்லது என்று ஆகிவிடாதா? இந்த இடத்தில்தான் ஃபாரோ கணக்கைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

பானும் பார்த்த 98 பேரும் 1781-இல் பிழைத்தவர்கள். அந்த ஆண்டு தட்டம்மையில் இறந்த குழந்தைகள் 1846-இல் வந்து தங்கள் பங்குக்கு எதுவும் சொல்ல முடியாது. "எனக்கு வந்தது, ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் வரவே இல்லை" என்று சொல்ல உயிரோடு இருப்பவர்களால் மட்டுமே முடியும். நோய் தரும் காப்பு உறுதியானதுதான். அதை வாங்க நோயையே விலையாகக் கொடுக்க வேண்டும்.

அந்த விலை சிறியதல்ல. நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில்கூடத் தட்டம்மை வந்த 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 பேர் இறக்கிறார்கள். 1,000-இல் ஒருவருக்கு மூளையழற்சி வரும். சத்துக்குறைவும் வைட்டமின் ஏ பற்றாக்குறையும் உள்ள இடங்களில் இறப்பு பல மடங்கு கூடும். நிமோனியாதான் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோகிறது. இன்னும் அரிதாக, நோய் வந்து 6 முதல் 10 ஆண்டு கழித்து, குழந்தை பள்ளிக்கூடம் போய் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மூளையில் ஒளிந்திருந்த வைரஸ் வெளிப்பட்டு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பறித்துவிடும். அதற்கு இன்றுவரை மருந்தில்லை. குழந்தை 2 வயதுக்குள் தட்டம்மை வாங்கியிருந்தால் இந்த ஆபத்து அதிகம்.

2019-இல் வெளியான ஒரு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத சமூகத்தைச் சேர்ந்த 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் உடம்பில் அதுவரை சேர்ந்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மை வைரஸ் தன்னைப் பற்றிய நினைவை ஆழமாக எழுதிவிட்டு, மற்ற நோய்களைப் பற்றி உடம்பு கற்றதை அழித்துவிட்டுப் போகிறது. அம்மை இறங்கிய பிள்ளை அடுத்த ஒன்றிரண்டு ஆண்டு சளி, பேதி, காய்ச்சல் என்று மாறி மாறிப் படுப்பதைப் பார்த்த பாட்டிகள் "அம்மை வந்து உடம்பையே உருக்கிட்டுப் போயிடுச்சு" என்பார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸ் இந்த அழிவைச் செய்வதில்லை.

"எனக்கு அம்மை வந்திருக்கு"

ஃபாரோ முதியவர்களிடம் இருந்த ஒரு வசதி நம்மிடம் இல்லை. 1781-இல் வந்தது தட்டம்மைதான் என்பது தீவு முழுக்கத் தெரிந்த செய்தி. நம் ஊரில் "அம்மை" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை நோய்கள்! சின்னம்மை ஒன்று. மணல்வாரி என்கிற தட்டம்மை ஒன்று. தாடைக்குக் கீழே வீங்கும் பொன்னுக்கு வீங்கியைக்கூடப் புட்டாளம்மை என்கிறோம். லேசான சிவப்புத் தடிப்போடு வந்துபோகும் ரூபெல்லாவுக்கும் அதே பெயர்தான். இலங்கைத் தமிழர்கள் தட்டம்மையைச் சின்னமுத்து என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வேப்பிலை, ஒரே இளநீர், ஒரே தலைக்குத் தண்ணீர் ஊற்றல்.

எனக்கும் சிறுவயதில் அம்மை வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அது எந்த அம்மை என்று கேட்டால் அம்மா ஒன்று சொல்வார், சித்தி ஒன்று சொல்வார். கொப்புளத்தில் நீர் கோத்ததா, மணல் தூவினாற்போல் இருந்ததா, கண் சிவந்ததா, இருமல் இருந்ததா என்று நோண்டிக் கேட்டபோது இருவருமே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்னம்மை வந்து போனது தட்டம்மைக்கு எந்தக் காப்பும் தராது. இரண்டும் வேறு வேறு வைரஸ்.

அதனால்தான் பல நாடுகளில் "வந்திருக்கிறது" என்ற வாய்மொழியை ஏற்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதம் தெரிய வேண்டும், அல்லது தடுப்பூசி அட்டை வேண்டும். அமெரிக்காவில் 1957-க்கு முன் பிறந்தவர்களை மட்டும் எதிர்ப்புள்ளவர்களாகக் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் அது வராமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது என்பது காரணம். உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஊசி போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் அந்த ஊசி வைரஸை உடம்பு உடனே அடக்கிவிடும். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு மிகவும் குன்றியவர்களும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக்கூடாது, ஏனென்றால் இதில் இருப்பது உயிருள்ள வைரஸ்.

ஊசி எவ்வளவு தரும்

1954-இல் அமெரிக்காவில் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனின் ரத்தத்திலிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கோழிக்கருச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். 1963-இல் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. இன்று இந்தியாவில் 9 மாதக் குழந்தைக்குப் போடும் ஊசியிலும் இருப்பது அந்த மாணவனிடமிருந்து வந்த வைரஸின் வழித்தோன்றல்தான்.

ஒரு டோஸ் ஏறத்தாழ 93 சதவீதம், இரண்டு டோஸ் ஏறத்தாழ 97 சதவீதம் காப்பு தரும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் முதல் டோஸை எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். 9 மாதத்தில் போட்டால் 100-இல் 85 குழந்தைகளுக்கு எதிர்ப்பு உண்டாகும். 12 மாதம் ஆனபின் போட்டால் 95. வித்தியாசத்துக்குக் காரணம் தாய். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் 9 மாதத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது ஊசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸைப் பிடித்து முடக்கிவிடும், குழந்தையின் உடம்பு பாடம் கற்க நேரமிருக்காது. அப்படியானால் 12 மாதம் வரை காத்திருக்கலாமே? நோய் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்டில் அந்த மூன்று மாத இடைவெளியிலேயே குழந்தைகள் இறக்கிறார்கள். அதனால் இந்தியா 9 மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சரியான முடிவு என்றே சொல்வேன்.

இதிலிருந்து இரண்டாவது டோஸ் எதற்கு என்பது புரியும். பலர் அதைப் பூஸ்டர் என்கிறார்கள். முதல் ஊசியால் கிடைத்த எதிர்ப்பு தேய்ந்ததைத் தேற்றுவது அதன் முதன்மை வேலை அல்ல. முதல் முறை பாடம் ஏறாத அந்த 15 குழந்தைகளுக்கு மறுவாய்ப்புக் கொடுப்பதுதான். எந்தக் குழந்தை அந்த 15-இல் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, ஆகவே எல்லோருக்கும் 16 முதல் 24 மாதத்துக்குள் மறுபடி போடுகிறோம். அந்த ஊசிக்கு அழைத்துப்போக மறக்கும் பெற்றோர் நிறையப் பேர். "ஒன்று போட்டாச்சே" என்ற எண்ணம்தான்.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது என்ற செய்தி வரும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 950 பேர் இரண்டு டோஸும் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். பள்ளி முழுக்க வைரஸ் பரவுகிறது. போட்டவர்களில் 3 சதவீதம், அதாவது 28 பேர் படுக்கிறார்கள். போடாதவர்களில் 10-இல் 9 பேர், அதாவது 45 பேர். மொத்தம் 73 நோயாளிகள், அதில் 28 பேர் ஊசி போட்டவர்கள். "நோயாளிகளில் 3-இல் ஒருவருக்கு மேல் தடுப்பூசி போட்டவர்" என்று தலைப்புப் போட்டால் பொய்யில்லை. ஆனால் போட்டவர்களில் 922 பேர் வீட்டில் நலமாக இருக்கிறார்கள் என்பது அந்தத் தலைப்பில் வராது.

ரத்ததான முகாமும் ஒரு நியூயார்க் பெண்ணும்

எதிர்ப்பு "இருக்கிறது, இல்லை" என்று இரண்டாகப் பிரியும் பொருளா, அளவு கூடக் குறைய மாறும் பொருளா? இதற்கு ஒரு தற்செயல் நிகழ்வு விடை தந்தது. அமெரிக்காவில் ஒரு கல்வி நிலையத்தில் மாணவர்கள் ரத்ததானம் செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தட்டம்மை பரவியது. தொற்றுக்கு முன்பு எடுத்த ரத்தம் கையில் இருந்ததால், யாருக்கு எவ்வளவு எதிர்ப்புப் புரதம் இருந்தது, அவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஒப்பிட முடிந்தது. வேண்டுமென்று யாராலும் ஏற்பாடு செய்ய முடியாத சோதனை. 1990-இல் முடிவுகள் வெளியாயின.

80 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். எதிர்ப்பு அளவு 120-ஐத் தாண்டாத 9 பேரில் 8 பேருக்குத் தட்டம்மை வந்தது. 120-ஐத் தாண்டிய 71 பேரில் ஒருவருக்கும் தட்டம்மை என்று சொல்லத்தக்க நோய் வரவில்லை. காப்புக்கான எல்லையாக இன்றும் பயன்படும் 120 என்ற எண் இங்கிருந்து வந்தது. ஆனால் அதற்கு மேலும் ஒரு படி இருந்தது. 216-க்கும் 874-க்கும் இடையில் இருந்த 11 பேரில் 7 பேருக்கு, நோய் பரவியபின் பார்த்தபோது அளவு பல மடங்கு எகிறியிருந்தது. அதாவது வைரஸ் அவர்கள் உடம்புக்குள் நுழைந்திருந்தது, உடம்பு அதை அடித்து விரட்டியிருந்தது, அவர்கள் பெரிதாகப் படுக்கவில்லை. 1,052-க்கு மேலே இருந்தவர்களில் அப்படி எகிறியவர் இல்லை. அவர்களிடம் வைரஸ் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஆக நோயைத் தடுப்பது ஒன்று, தொற்றையே தடுப்பது இன்னொன்று. முதலாவதற்குக் குறைந்த எதிர்ப்பு போதும்.

ஊசியால் வரும் எதிர்ப்பு, நோயால் வருவதைவிடச் சற்றுக் குறைந்த உயரத்தில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஃபின்லாந்து நல்ல உதாரணம். 1982-இல் இரண்டு டோஸ் திட்டம் தொடங்கிய நாடு அது. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டதால் வைரஸைச் சந்தித்து எதிர்ப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை, ஃபாரோ முதியவர்களைப் போலவே. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது 95 சதவீதம் பேரிடம் தட்டம்மை எதிர்ப்பு இன்னும் அளக்கக்கூடிய அளவில் இருந்தது.

ஊசி போட்டும் எதிர்ப்பு தேய்ந்துபோகும் அப்படிப்பட்ட சிலரில் ஒருவர் 2011-இல் நியூயார்க்கில் கிடைத்தார். இரண்டு டோஸும் போட்டதற்கு ஆவணம் இருந்த 22 வயதுப் பெண். அவருக்குத் தட்டம்மை வந்தது. அது அவ்வளவு அதிசயமில்லை. அவரிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவியதுதான் அதிர்ச்சி. அவரோடு பழகிய 88 பேரைப் பரிசோதித்ததில் 4 பேருக்கு நோய் இருந்தது. அந்த நால்வரும் இரண்டு டோஸ் போட்டவர்கள், அல்லது முன்பே ரத்தத்தில் எதிர்ப்பு இருப்பதாகப் பதிவானவர்கள். இரண்டு டோஸ் போட்ட ஒருவர் எதிர்ப்புத் தேய்ந்து நோயைப் பரப்பியதாக உறுதியான முதல் பதிவு இது.

தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் இந்த நிகழ்வை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த நால்வரோடு பழகிய 231 பேரைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. அந்த நால்வர் உடம்பும் பழைய பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு வேகமாக எதிர்ப்பைப் பெருக்கியிருந்தது. காப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தரக்கூடிய நோய் இது. இங்கே சங்கிலி இரண்டாவது கண்ணியிலேயே அறுந்தது.

ஒரே கடல், இரண்டு தீவு நாடுகள்

ஃபாரோவில் தடுப்பூசி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2019-இல் பசிபிக் கடல் அதற்கு ஏறக்குறைய ஒரு பதில் சொன்னது.

சமோவாவில் 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் ஊசி போட்டவுடன் இறந்தார்கள். தடுப்பு மருந்துத் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதில், தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டிருந்தார்கள். அரசு தடுப்பூசித் திட்டத்தைப் பல மாதம் நிறுத்தியது. மக்களின் நம்பிக்கையும் போனது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தபோது ஊரே நடுங்கியது நினைவிருக்கும். 2018-இல் சமோவாவில் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 3-இல் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கியது.

அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் தட்டம்மை பரவியது. அங்கிருந்து விமானத்தில் அது சமோவாவுக்கு வந்தது. 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய், 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நவம்பரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

அதே மாதங்களில், அதே நியூசிலாந்திலிருந்து, ரக்பி ஆடப்போன பள்ளி மாணவர்கள் வழியாக வைரஸ் டோங்காவுக்கும் போனது. அங்கே 600 பேருக்கு மேல் நோய் வந்தது, பெரும்பாலும் பள்ளி வயது இளைஞர்கள். ஒருவரும் இறக்கவில்லை. டோங்காவில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏறத்தாழ முழுமையாகப் போடப்பட்டிருந்தது. நான் புரிந்துகொள்வது இதுதான்: டோங்காவிலும் வைரஸ் நுழைந்தது, வேலியில் இருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தது, ஆனால் உயிர் போகக்கூடிய வயதுக் குழந்தைகளிடம் போய்ச் சேர அதற்கு வழி கிடைக்கவில்லை.

ஊசியே போட முடியாத ஒரு வயதும் இருக்கிறது. 1846-இல் பிறந்த ஃபாரோ குழந்தைக்குத் தாயிடமிருந்து தட்டம்மைக் காப்பு எதுவும் வந்திருக்காது, தாய்க்கே அந்த நோய் தெரியாது. நம் பாட்டிமார் காலத்துக் குழந்தைகளுக்கு, நோய் வந்து பிழைத்த தாயிடமிருந்து பல மாதத்துக்குப் போதுமான எதிர்ப்பு வந்தது. ஊசி போட்டு வளர்ந்த இன்றைய தாயிடமிருந்தும் வரும், ஆனால் சற்றுக் குறைவாக. அது விரைவில் கரைந்துவிடும். நோய்வழி எதிர்ப்பு ஊசிவழி எதிர்ப்பைவிட மேலானது என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய இடம் இது. ஆகவே 5 மாதம், 6 மாதக் குழந்தை 9-ஆம் மாத ஊசி வரும்வரை வீட்டில் இருக்கும் அண்ணன், அக்கா, தாத்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் காப்பை நம்பித்தான் இருக்கிறது. நோய் பரவாமல் இருக்க 100-இல் 95 பேருக்கு எதிர்ப்பு வேண்டும் என்று சொல்லப்படும் கணக்கு அந்தக் குழந்தையையும் சேர்த்துப் போட்டது.

சமோவாவில் அந்த டிசம்பரில் 6 மாதக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டார்கள். அந்த வயதில் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று தெரிந்தேதான் போட்டார்கள். அப்படிப் போடும் டோஸ் கணக்கில் சேராது. குழந்தை வளர்ந்தபின் வழக்கமான இரண்டு டோஸையும் முதலிலிருந்து போட வேண்டும்.